வாசகர் கேள்வி: உதவித்தொகையா, வீட்டுக்கு அருகிலா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்துள்ளது. கட்டணம் அதிகமான வெளியூர்க் கல்லூரி உதவித்தொகை தருகிறது. மற்றதில் சலுகை ஏதுமில்லை. ஆனால் வீட்டிலிருந்தே போய்வரலாம். எங்கு சேர்த்தாலும் கல்விக் கடன் வாங்கியாக வேண்டும். எது சிக்கனம்? – ஒரு வாசகி

பதில்: முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள், படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தச் செலவை இரண்டு கல்லூரிகளுக்கும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். உதவித்தொகை கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று தரப்படுகிறதா, மாறாத ஒரு தொகையா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். கட்டணம் 100, உதவித்தொகை 40 என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் ஆண்டுதோறும் 10 சதவீதம் உயர்ந்து, உதவித்தொகை மட்டும் அப்படியே நின்றால், முதலாண்டில் 60 கட்டிய நீங்கள் நான்காம் ஆண்டில் 93 கட்டுவீர்கள். குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் சலுகை ரத்தாகும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. முதல் பருவத் தேர்வில் தடுமாறும் நல்ல மாணவர்கள்கூட இதில் சிக்கிவிடுகிறார்கள். ஆகவே வாய்மொழி உறுதியை நம்பாமல், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விடுதி, உணவு, பயணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை பொருந்துமா என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தாது, வீட்டிலிருந்து போய்வருவதன் ஆதாயம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் தினமும் நான்கு மணி நேரம் பேருந்தில் கழிந்து, அதனால் மகள் அரியர் வைக்க நேர்ந்தால் அந்த மிச்சம் நிலைக்காது. படிப்பு ஓராண்டு நீண்டால் கூடுதல் செலவோடு, அந்த ஆண்டில் ஈட்டியிருக்கக்கூடிய சம்பளமும் போய்விடும்.

கடனைப் பொறுத்தவரை, படிக்கும் காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை என்பதால் வட்டியும் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான கடன்களில் அப்படியில்லை. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 100 வீதம், 10 சதவீதக் கூட்டு வட்டிக்கு வாங்கினால், நான்காம் ஆண்டின் முடிவில் கடன் ஏறத்தாழ 510 ஆகியிருக்கும். வட்டியை மட்டும் ஆண்டுதோறும் கட்டிவந்தால் அசல் 400-லேயே நிற்கும். அதற்கு உங்கள் வருமானம் இடம்கொடுக்குமா என்று பார்த்துவிட்டு, தேவைக்கு மேல் ஒரு காசுகூடக் கடன் வாங்காதீர்கள்.

பாடநூல்களைச் சீனியர்களிடம் பாதி விலைக்கு வாங்கலாம், நூலகத்தில் எடுக்கலாம். ஆனால் அது சிறு மிச்சமே. நீங்கள் எழுதிய விவரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், பயணம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்குமானால் வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரியையே நான் பரிந்துரைப்பேன். மகள் விரும்பும் பாடப்பிரிவு அங்கே இல்லையென்றால் மட்டும் இந்தக் கணக்கை ஒதுக்கி வையுங்கள்.