பதினொரு விண்ணப்பங்கள், ஒரு வட்டாரம்: யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

கேள்வி: நாங்கள் ஏழு நண்பர்கள். வருமானத்தில் ஒரு பங்கை ஒன்றாகச் சேர்த்துச் சிறிய அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். பின்தங்கிய ஒரே ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அங்கே வறுமை குறைய உதவ வேண்டும் என்பது எண்ணம். நேரில் இறங்கி வேலை செய்ய எங்களால் முடியாது. அதனால் அங்கே ஏற்கெனவே இயங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி தரலாம் என்று அறிவித்தோம். 11 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாமா? நிர்வாகச் செலவு 10 சதவீதத்தைத் தாண்டினால் ஒதுக்கிவிட வேண்டும் என்கிறார் எங்களில் ஒருவர். எங்கள் பணத்தால் வறுமை குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சமமாகப் பிரிக்க வேண்டாம். 11 பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால் யாருக்கும் வருத்தம் இருக்காது. ஆனால் ஒருவரிடம்கூட ஒரு களப்பணியாளரைக் கூடுதலாக நியமிக்கும் அளவுக்குப் பணம் போய்ச் சேராது. மூன்று நிறுவனங்கள், மிஞ்சினால் நான்கு. அவர்களுக்கு மூன்று ஆண்டு உறுதி. 10 சதவீத விதி வேண்டவே வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விண்ணப்பங்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அந்த வட்டாரத்தில் வறுமை என்றால் என்ன என்பதை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையே இல்லையா, வேலை இருந்தும் கூலி குறைவா, வருடத்தில் நான்கு மாதம் மட்டும் கையில் காசு இல்லையா, ஒரு நோய் வந்தால் சேமிப்பு மொத்தமும் கரைந்துவிடுகிறதா? இவை நான்கும் வெவ்வேறு பிரச்சினைகள், நான்குக்கும் மருந்து வேறு வேறு. தொழிற்பயிற்சி தருகிறோம் என்று ஒரு நிறுவனம் எழுதியிருக்கும். அந்த ஊர்க்காரர்களைக் கீழே தள்ளுவது மருத்துவக் கடன் என்றால், பயிற்சி முடித்தவரும் அடுத்த நோயில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்.

வருமானம் ஒன்றை வைத்து மட்டும் ஏழ்மையை அளக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 2010-ல் பல்பரிமாண வறுமைக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்ற மூன்று பரிமாணங்கள், அவற்றுக்குள் 10 அளவைகள். ஒவ்வோர் அளவைக்கும் அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ற மதிப்புக் கொடுத்துக் கூட்டும்போது, மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இல்லாமையில் இருக்கும் குடும்பம் ஏழைக் குடும்பம். நீங்கள் அந்தக் கணக்கையெல்லாம் போட வேண்டியதில்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர், சமையல் எரிபொருள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், சத்தான உணவு என ஒவ்வொன்றாக ஊர்க்காரர்களிடம் பேசிப் பாருங்கள். இரண்டு நாள் போதும், பெரும்பாலான விண்ணப்பங்களை எப்படிப் படிப்பது என்பது தெளிவாகிவிடும்.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு வட்டாரத்துக்கு அரசாங்கம் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் உங்கள் நிதி மிகச் சிறியது. சாலை போடுவதும் மருத்துவமனை நடத்துவதும் உங்களால் ஆகாது. ஆனால் இருக்கிற ஓய்வூதியம், உதவித்தொகை, நிலப்பத்திரம் இவற்றைப் பெறத் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் நிற்கும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்குக் கூடவே போய் அதை வாங்கித் தரும் நிறுவனம் 11-ல் ஒன்றாவது இருந்தால் அதைக் கவனமாகப் பாருங்கள். அதற்கு நீங்கள் கொடுக்கும் சிறு தொகை, பொதுப்பணத்தில் பல மடங்கை ஏழை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். புகைப்படத்தில் அழகாக வராத வேலை என்பதால் நன்கொடையாளர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே ஆதங்கம் உண்டு.

உங்களைப் போலவே ஒரு வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிய ஒரு பெரிய அறக்கட்டளையின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹியூலெட் அறக்கட்டளை 1996-ல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு குடியிருப்பு மேம்பாட்டு முயற்சியைத் தொடங்கியது. சான் ஹோசே நகரின் மேஃபேர், கிழக்கு பாலோ ஆல்டோ, மேற்கு ஓக்லாந்து என்று மூன்று இடங்கள். சுமார் பத்தாண்டு, 2 கோடி டாலருக்கு மேல் செலவு. பணம் நேராகப் போகவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சமூக அறக்கட்டளை, அதாவது அந்தப் பகுதிக்கென்று நன்கொடை திரட்டிப் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பு, நடுவில் இருந்தது, அதற்குக் கீழே உள்ளூர் அமைப்பு. சில நல்ல காரியங்கள் நடந்தன, புதிய உள்ளூர்த் தலைவர்கள் உருவானார்கள். ஆனால் எதிர்பார்த்த ஆழமான, நிலைத்த மாற்றம் வரவில்லை. அதை அவர்களே ஒப்புக்கொண்டு, என்ன தவறு நடந்தது என்று ஆராய வைத்து, 2007-ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்களை நான் மதிக்கிறேன்.

அதைப் படித்தால் பணப் பற்றாக்குறை முதல் காரணமாகத் தெரியாது. எதை எட்ட வேண்டும் என்பதில் பணம் கொடுத்தவர், நடுவில் இருந்தவர், ஊர்க்காரர் மூவருக்கும் ஒரே புரிதல் இல்லை. முடிவெடுக்கும் உரிமை யாரிடம் என்பதும் தெளிவாக இல்லை. ஊர்க்காரர்கள் நிதானமாகக் கூடிப் பேசித் திட்டம் போட வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும் பலன் வேண்டும் என்ற அவசரம் மறுபக்கம். இந்த இழுபறி சின்னத் தொகையிலும் அப்படியே நடக்கும். அதனால் முதல் காசோலைக்கு முன்பே நீங்கள் ஏழு பேரும் உட்கார்ந்து, எதை நாங்கள் முடிவு செய்வோம், எதை அவர்களிடம் விடுவோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது விண்ணப்பங்களைக் கையில் எடுக்கலாம். 'ஆயிரம் குடும்பங்களுக்கு உதவினோம்' என்ற வரியைக் கண்டால் அங்கேயே நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த ஆயிரம் குடும்பங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? இரண்டு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேரைத் திரும்பப் போய்ப் பார்த்தீர்கள்?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்றால், எந்தத் திட்டமும் சும்மா விட்டால் ஓரளவு வசதியுள்ளவர்களிடம்தான் போய்ச் சேரும். கூட்டத்துக்கு வருபவர், பேசத் தெரிந்தவர், கையெழுத்துப் போடத் தெரிந்தவர். பரம ஏழை அன்றைக்குக் கூலிக்குப் போயிருப்பார். வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு இதை அனுபவத்தில் கண்டது. தங்கள் சிறுகடன் திட்டம் மிக ஏழ்மையானவர்களை எட்டவில்லை என்று தெரிந்த பிறகு, 2002-ல் அவர்களுக்கென்றே தனித் திட்டம் தொடங்கினார்கள். ஊர் மக்களையே கூட்டி, தரையில் ஊர்ப்படம் வரையச் செய்து, எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொன்னார்கள். அப்புறம் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தார்கள். தேர்வான பெண்ணுக்கு மாடு, ஆடு போன்ற ஏதாவது ஒரு சொத்து, அதைப் பராமரிக்கப் பயிற்சி, வருமானம் வரும்வரை சாப்பாட்டுக்குச் சிறு உதவித்தொகை, சேமிப்புப் பழக்கம், அடிக்கடி வீட்டுக்கே வந்து விசாரிக்கும் பணியாளர். இது சுமார் இரண்டு ஆண்டு நடக்கும்.

இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் ஆய்வாளர்கள் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். உதவி நின்று ஒரு வருடம் ஆன பிறகும் பெரும்பாலான இடங்களில் குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் கூடியே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் நிலைமை வேறு. அங்கே பலருக்குக் கோழிகள் கொடுத்திருந்தார்கள், நோய் வந்து நிறைய கோழிகள் செத்துப்போயின. திட்டம் அதேதான், கொடுத்த சொத்து அந்த இடத்துக்குத் தாங்கவில்லை.

அதனால் நேர்காணலில் நான் தவறாமல் கேட்பது இதுதான்: உங்களுக்கு எது செத்துப்போனது? அதாவது எந்த வேலை தோற்றது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்? பல ஆண்டுகள் விண்ணப்பங்களைப் பரிசீலித்ததில் நான் கண்டது, இந்தக் கேள்விக்கு விவரமாகப் பதில் சொல்லும் நிறுவனம் களத்தில் உண்மையாக இருக்கிறது. ஒன்றுமே தோற்கவில்லை என்பவர்கள் திரும்பப் போய்ப் பார்க்காதவர்களாக இருந்தார்கள். முன்பு நான் ஒரு நிறுவனத்துக்கு, அழகாக எழுதப்பட்ட திட்ட அறிக்கையை மட்டும் படித்துவிட்டுப் பரிந்துரை செய்தேன். அதை எழுதியவர் கூலிக்கு எழுதுபவர், அந்த ஊரையே பார்த்ததில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அதே சமயம், தட்டுத்தடுமாறி எழுதிய நான்கு பக்கத்தைத் தள்ளி வைத்திருந்தோம். அவர்கள் அங்கே பல வருடமாக வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அது இன்றும் என்னை உறுத்துகிறது. எழுத்துநடைக்கு மதிப்பெண் போடாதீர்கள். எழுத வராதவர்களிடம் தொலைபேசியில் பேசி, நீங்களே குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகச் செலவுக்கு வருகிறேன். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், பணம் ஏழைக்குப் போக வேண்டும் என்ற அக்கறை அது. ஆனால் கணக்காளர் சம்பளம், அலுவலக வாடகை, பணியாளர் பயிற்சி, தணிக்கை எல்லாம் இல்லாமல் ஏழை வீட்டுக்கு எந்த உதவியும் ஒழுங்காகப் போகாது. பிராக் திட்டத்தில் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் பணியாளரை நினைத்துப் பாருங்கள். அவர் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும்? ஒரு நிறுவனம் அதைத் திட்டச் செலவு என்று எழுதும், இன்னொன்று நிர்வாகம் என்று எழுதும். சதவீதத்தை வைத்து வடிகட்டினால், தலைப்பை மாற்றி எழுதத் தெரிந்தவர் ஜெயிப்பார். இந்த நெருக்கடியால் நிறுவனங்கள் தங்கள் உண்மையான செலவைக் குறைத்துக் காட்டி, வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே போகின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-லேயே 'பட்டினிச் சுழற்சி' என்று பெயரிட்டு எழுதினார்கள்.

சதவீதத்துக்குப் பதிலாக மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையை வாங்கி வேறு சிலவற்றைப் பாருங்கள். நாளைக்கே நிதி நின்றால் எத்தனை மாதம் சம்பளம் போட முடியும்? வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கொடையாளரிடமிருந்தா வருகிறது? களப்பணியாளர்கள் எத்தனை வருடம் நிலைத்திருக்கிறார்கள்? நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் ஒரே குடும்பத்தாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தால், நான் மேற்கொண்டு நிறைய விசாரிப்பேன்.

தொகையை எந்த வடிவில் தருவது என்பதில் தயங்க வேண்டாம். முதல் ஆண்டு ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று கொடுங்கள், பழக்கம் ஏற்படட்டும். நம்பிக்கை வந்ததும் அடுத்த இரண்டு ஆண்டுக்கு, எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம் என்று தாராளமாக விடுங்கள். அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 100 கோடி டாலர் ஒதுக்கி இந்த வழியில் ஒரு திட்டம் நடத்தியது: ஐந்தாண்டு உறுதி, செலவில் சுதந்திரம், நிறுவனத்தையே பலப்படுத்தத் தனிப் பணம். தவணைகளைப் பயனாளிகளின் எண்ணிக்கையோடு கட்டிப்போடாதீர்கள். கட்டினால், எளிதில் எண்ணிக்கை காட்டக்கூடிய குடும்பங்களைத் தேடிப் போவார்கள், கடினமான குடும்பங்கள் விடுபடும். அறிக்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு பக்கம். வேறு கொடையாளருக்கு ஏற்கெனவே எழுதிய அறிக்கை இருந்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தவரை உள்ளூரில் ஆள் எடுக்கவும் பொருள் வாங்கவும் சொல்லுங்கள். கென்யாவின் சியாயா பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் ரொக்கமாகக் கொடுத்து ஆராய்ந்தபோது, பணம் வாங்காத அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செலவும் கூடியது. விலைவாசியோ பெரிதாக ஏறவில்லை. பணம் அந்த வட்டாரத்துக்குள்ளேயே கை மாறுவதுதான் காரணம்.

வறுமை குறைந்ததா என்று பார்க்க பெரிய ஆய்வு வேண்டாம். ஒவ்வொரு நிறுவனத்தோடும் பேசி மூன்றே மூன்று கேள்விகளை முடிவு செய்யுங்கள். கடந்த மாதம் எத்தனை நாள் சாப்பாட்டைக் குறைத்தீர்கள், வட்டிக் கடன் எவ்வளவு பாக்கி, அவசரத்துக்கு ஒரு தொகை வேண்டுமென்றால் எங்கே போவீர்கள் என்பது மாதிரி. தற்செயலாக எடுத்த நூறு குடும்பங்களிடம் தொடக்கத்தில் கேளுங்கள், பிறகு ஒவ்வொரு ஆண்டும் அதே குடும்பங்களிடம், அதே மாதத்தில் கேளுங்கள். மாதம் ரொம்ப முக்கியம். விவசாயப் பகுதியில் அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதத்தில் முதல் கணக்கெடுத்து, அறுவடை முடிந்த கையோடு இரண்டாவது கணக்கெடுத்தால், ஒன்றுமே செய்யாமல்கூட வறுமை பாதியாகக் குறைந்தது போலத் தெரியும். திட்டத்துக்கு வெளியே இருக்கும் சில குடும்பங்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டு வையுங்கள். நல்ல மழையால் எல்லோருக்குமே நிலைமை மாறியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு தொடர முடியாது என்றால், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வேறு இடத்தில் நிதி தேட ஒரு நிறுவனத்துக்குக் குறைந்தது ஒரு வருடமாவது ஆகும்.

தேர்வாகாத ஏழெட்டு நிறுவனங்களை மறந்துவிடாதீர்கள். முடிவெடுத்த வாரத்திலேயே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஏன் இல்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் பதில் தெரியாமல் இருப்பவர், உங்கள் பணம் வரலாம் என்று நம்பி ஒரு பணியாளரைத் தக்கவைத்துக்கொண்டிருப்பார்.