ஒரே ரிப்போர்ட், இரண்டு மேனேஜர், இரண்டு முடிவு: ஆளின் குணமா, ரிப்போர்ட்டின் கோளாறா?

இப்படிக் கேட்டவர் மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) கணக்கில் இருப்பவர். பச்சைக்கொட்டை (உடைக்காத முந்திரிக் கொட்டை) லாட் வாங்கும்போது ஒரு மேனேஜர் விலையைப் பிடித்துக்கொள்கிறாராம், இன்னொருவர் அவுட்டேர்னை, அதாவது மூட்டைக்கு எவ்வளவு பருப்பு தேறும் என்பதை.

குணத்துக்குப் பங்கு உண்டு. ஒருவர் எண்ணை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், மற்றவர் மொத்தப் போக்கைப் பார்ப்பார். ஆனால் எம்பிடிஐ (குணத்தை 16 வகையாகப் பிரிக்கும் கேள்வித்தாள்) மாதிரி டெஸ்ட் வைத்து ஆளைப் பிரிக்கப் போகாதீர்கள். அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு வகையில் விழுவது சகஜம். ரிப்போர்ட்டைத் திருத்துவது அதைவிட லேசு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் லாட் கிலோ 130 ரூபாய், அவுட்டேர்ன் 48. அதாவது 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு. இரண்டாவது லாட் 125 ரூபாய், அவுட்டேர்ன் 46. ஒருவர் 5 ரூபாய் லாபம் என்பார், மற்றவர் 2 பவுண்டு நஷ்டம் என்பார். மூட்டை விலையை அவுட்டேர்னால் வகுத்தால் முதலாவதில் பவுண்டு பருப்புக்குக் கொட்டைச் செலவு 216.67, இரண்டாவதில் 217.39. சண்டையே 72 பைசாவுக்குத்தான்! இந்த வகுத்தலை மேனேஜர் தலையில் விடாமல் நீங்களே போட்டுக் கொடுங்கள்.

அவுட்டேர்னை பார் சார்ட்டாகப் போட்டு அச்சை 45-ல் தொடங்கினால் 48-ன் கம்பம் 46-ஐப் போல மூன்று மடங்கு உயரமாக நிற்கும். பூஜ்யத்தில் தொடங்குங்கள். இன்னொன்று, ஒரு கிலோ கொட்டையை வெட்டிப் பருப்பை எடை போடும் கட்டிங் டெஸ்ட்டில் 48 என்பது சுமார் 272 கிராம் பருப்பு, 46 என்பது 261. வித்தியாசம் 11 கிராம்! மேல் அடுக்கு மூட்டையில் மட்டும் சாம்பிள் எடுத்தால் அந்த 11 கிராமுக்கே உத்தரவாதம் இல்லை. எத்தனை மூட்டையில் குத்தி எடுத்தது என்பதையும் எழுதுங்கள்.

சரியான எண் வேண்டிய இடத்தில் பட்டியல், மாதாமாதப் போக்குக்கு வரைபடம். பட்டியலா வரைபடமா என்று ஆராய்ந்த ஐரிஸ் வெஸ்ஸி 1991-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: வேலைக்கு ஏற்ற வடிவம்.

'உடைவு 12%' என்பதும் 'முழுப்பருப்பு 88%' என்பதும் ஒன்றே. ஆனால் கேட்பவர் முடிவு மாறும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானெமனும் 1981-ல் ஒரு கற்பனை நோய்க்கு உறுதியான வழி, அதிர்ஷ்டத்தை நம்பும் வழி என இரண்டைக் கொடுத்துக் கேட்டார்கள். உறுதியான வழியில் '600 பேரில் 200 பேர் பிழைப்பார்கள்' என்றபோது 72% பேர் அதை எடுத்தார்கள். '400 பேர் சாவார்கள்' என்று அதையே மாற்றிச் சொன்னதும் 22% பேர்தான். அதனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போனில் பட்டியலின் வலப்பக்கம் வெட்டுப்படும். பவுண்டுச் செலவை லாட் பெயருக்கு அடுத்த கட்டத்திலேயே வையுங்கள்.