கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகள் இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கு மாறினாள். ஐந்தாவது வரை படித்தது சின்னப் பள்ளி, வகுப்பில் பதினைந்து பேர். இங்கே நாற்பத்தைந்து பேர். தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். மதியம் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தைரியம், நட்பு, நேர்மை என்று அட்டையிலேயே போட்ட நீதிக்கதைப் புத்தகங்களாக ஏழெட்டு வாங்கிக் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தைச் சமாளிக்கவும், வளரும் வயதைப் புரிந்துகொள்ளவும் உதவுகிற புத்தகங்கள் சில சொல்லுங்கள்.

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் கொடுப்பதுபோல, பயத்துக்கு ஒரு கதை, கூச்சத்துக்கு ஒரு கதை என்று கொடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். பிள்ளைகள் இதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். ‘தைரியம்’ என்று போட்ட புத்தகத்தை நீட்டினால், ‘நீ பயந்தாங்கொள்ளி’ என்றுதான் அவள் காதில் விழும். நானும் இதைச் செய்தவள்தான். மகன் பொய் சொல்கிறானே என்று, உண்மை பேசுவதைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். படித்துவிட்டதாகப் பொய் சொன்னான்.

அதிலிருந்து கடையில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே ஒரு பெரியவர் விரலை நீட்டி அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தால், இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

உங்கள் மகளுக்கு முதலில் டோட்டோ-சான். ஜப்பானில் 1981-ல் வந்த புத்தகம்; தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. எழுதியவர் டெட்சுகோ குரோயாநாகி, தன் சொந்தக் கதையைத்தான் சொல்கிறார். மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடியதற்கும், ஜன்னலோரம் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டதற்கும், முதல் வகுப்பிலேயே சிறுமி டோட்டோ-சானைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். அம்மா அந்தக் காரணத்தை மகளிடம் சொல்லவே இல்லை. இருபது வயதான பிறகுதான் சொல்கிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புதுப் பள்ளியில் ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். முதல் நாள் தலைமை ஆசிரியர் கோபயாஷி அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருநாள் அவளுடைய பணப்பை கழிப்பறைக்குள் விழுந்துவிடுகிறது. அவள் நீளக் கரண்டியால் கழிவை அள்ளி அள்ளி வெளியே குவிக்கிறாள். அந்தப் பக்கம் வந்த தலைமை ஆசிரியர் திட்டவில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். உங்கள் மகள் இந்த இடத்தில் சிரிப்பாள். மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாலும் சொல்வாள்.

அடுத்தது ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ரஸ்கின், உடம்பு சரியில்லாத தன் மகளுக்குச் சொன்ன கதைகள். எல்லாவற்றிலும் அப்பா அசடு வழிகிறார். அப்புறம் நீங்களும் உங்கள் ஆறாம் வகுப்பில் அசடு வழிந்த கதையை எடுத்துவிடலாம். புத்தகத்தைவிட அது அதிகம் வேலை செய்யும்.

வளரும் வயதுக்கு, யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. தவறான தொடுதலைப் பற்றி மிரட்டாமல் பேசுகிற நாவல், 2020-ன் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பிரச்சினை வந்த பிறகு தேடாமல் இப்போதே வீட்டில் இருக்கட்டும். மாதவிடாய்க்குக் கதை தேட வேண்டாம். இந்த மாதமே நீங்களே சொல்லிவிடுங்கள்.

புதுப் பள்ளியில், சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கயிறு என்ன நிறம் என்ற பேச்சும் காதில் விழலாம். விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ அதைப் பற்றிய சின்னப் புத்தகம். இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை யாராவது சிபாரிசு செய்வார்கள். அருமையான கதைதான், ஆனால் கேள்வி கேட்கிற ஒரு மாணவி அதில் செத்துப்போகிறாள். நீங்கள் படியுங்கள், முடிந்தால் உங்கள் மகளின் ஆசிரியருக்கும் கொடுங்கள். மகளுக்கு இப்போது வேண்டாம்.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு சனிக்கிழமை மதுரைக்குப் போய், கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அவளை விட்டுவிடுங்கள். அவள் எடுப்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் படக்கதையாக இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். படித்து முடித்ததும் ‘என்ன தெரிந்துகொண்டாய்?’ என்றும் கேட்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. மதியம் தனியாக உட்காருவதைப் பற்றி வகுப்பு ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள், அதைப் புத்தகம் பார்த்துக்கொள்ளாது. அந்த வயிற்றுவலிக்கு டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அப்புறம், அவளுடைய தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருக்கிற பெண் பிள்ளைகள் நிறையப் பேர். நானும் அப்படி இருந்தவள்தான்.

அன்புடன்,
அக்கா