அப்பாவின் பிஸ்டலில் மேகசின் இல்லை. அப்படியென்றால் அது காலிதானே?

கேள்வி இதுதான்: அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது. பீரோவில் அவருடைய லைசென்ஸ் .32 பிஸ்டல் இருக்கிறது. மேகசின் தனியாக டிராயரில் கிடக்கிறது. அப்படியென்றால் பிஸ்டல் காலிதானே, எடுத்துத் துடைத்து வைக்கலாமா?

வேண்டாம். பீரோவைப் பூட்டி, சாவியை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

நான் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவன். கடைசி ஆறு வருஷம் புதுப் பையன்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுப்பதுதான் வேலை. "மேகசின் இல்லை, அதனால் காலி" என்ற இந்தக் கணக்கை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பிஸ்டலில் ரவுண்டு, அதாவது தோட்டா, இருக்க இரண்டு இடம் உண்டு. கைப்பிடிக்குள் செருகும் மேகசின் ஒன்று. பீப்பாயின் பின்முனையில் உள்ள சேம்பர் இன்னொன்று. மேகசினை உருவினால் முதல் இடம்தான் காலியாகும். சேம்பரில் ஏறிவிட்ட ரவுண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஆளைக் கொல்ல அது போதும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஜனவரி மாதம், விரல் மரத்துப்போகும் வடக்கத்திக் குளிர். காவல் டியூட்டி மாறும் நேரம். இறங்குகிறவர் ஆயுதத்தைக் காலி செய்து 'கோத்'தில், அதாவது ஆயுத அறையில், ஒப்படைக்க வேண்டும். வெளியே மணல் நிரப்பிய டிரம் ஒன்று இருக்கும். பிஸ்டல் வாயை அதற்குள் நீட்டி வைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும். அன்று வந்த நாயக் (ராணுவத்தில் ஒரு பதவி) கையில் இருந்தது இஷாப்பூர் தயாரிப்பு 9 எம்எம் பிஸ்டல், பழைய பிரவுனிங் வகை. மேகசினில் 13 ரவுண்டு பிடிக்கும்.

முதலில் மேகசினை உருவ வேண்டும், அப்புறம் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுக்க வேண்டும். தூக்கக் கலக்கமோ குளிரோ, அவன் முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டான். ஒரு ரவுண்டு துள்ளி வெளியே விழுந்தது. அதைப் பார்த்ததும் மனசு நிம்மதியாகிவிடும், அங்கேதான் சிக்கலே. ஸ்லைடு திரும்பிப் போகும்போது மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டைத் தள்ளிக்கொண்டு சேம்பரில் ஏற்றிவிட்டது. அதற்குப் பிறகு மேகசினை உருவினான். ட்ரிகரை அழுத்தினான், ஒன்றும் ஆகவில்லை. ஆகாது, அந்த வகைப் பிஸ்டலில் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாதபடி ஓர் அமைப்பு உண்டு. குதிரையை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை) இறக்க வேண்டுமே என்று வேறொரு காலி மேகசினைச் செருகி மறுபடி அழுத்தினான்.

மணல் எங்கள் முகத்தில் அடித்தது. காதில் கொஞ்ச நேரம் ஙொய் என்ற சத்தம் மட்டும்தான்.

சுபேதார் சாப் நம்ம ஊர்க்காரர், கோபம் வந்தால் தமிழ் வந்துவிடும். கீழே விழுந்து கிடந்த ரவுண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "இது வெளிய வந்தது. உள்ள போனத எவன்டா பாத்தான்?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம், பிஸ்டல் வாய் டிரம்முக்குள் இருந்தது. ஒரு பழக்கம் தவறியபோது இன்னொரு பழக்கம் காப்பாற்றியது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: அந்தப் பிரவுனிங்கில் பழகியவன் "மேகசின் இல்லாவிட்டால் வெடிக்காது" என்று நினைத்துக்கொண்டே கிளாக் என்ற வேறு வகைப் பிஸ்டலைத் தொட்டால் கதை முடிந்தது. கிளாக் மேகசின் இல்லாமலும் வெடிக்கும்.

சரியான முறை என்ன? வாய் ஆளில்லாத பக்கம், முடிந்தால் மணலை நோக்கி. சிமென்ட் தரை வேண்டாம், குண்டு தெறித்துத் திரும்பும். ஆள்காட்டி விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, பக்கவாட்டில் நீட்டியபடி. கால் இடறினால் கை தன்னையறியாமல் இறுகும், அதனால்தான். மேகசினை உருவித் தள்ளி வை. ஸ்லைடை இரண்டு மூன்று முறை முழுசாக இழு. பிறகு பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு சேம்பருக்குள் பார். பித்தளை மினுமினுப்புத் தெரியக் கூடாது, இருட்டு ஓட்டைதான் தெரிய வேண்டும். பார்த்த பிறகும் சுண்டுவிரலை விட்டுத் தடவு. வருஷக்கணக்கில் எண்ணெய் காணாத பிஸ்டலில் ரவுண்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி தேய்ந்தோ துருப்பிடித்தோ இருக்கும். ஸ்லைடு வரும், ரவுண்டு வராது. உங்கள் அப்பாவின் பிஸ்டல் எத்தனை வருஷம் சும்மா கிடந்தது?

கைமாறும்போது வாங்குகிறவரும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். கொடுத்தவர் கண்முன்னே பார்த்திருந்தாலும் சரி. இதில் யாருக்கும் கோபம் வராது. ரூபாயை அப்பாவே கொடுத்தாலும் எண்ணித்தானே வாங்குகிறோம்.

(ரிவால்வர் என்றால் மேகசின் கிடையாது, உருளையைத் திறந்து ஒவ்வொரு துளையாகப் பார்க்க வேண்டும். பழைய ரிவால்வர்களில் குதிரை நிற்கும் துளையைக் காலியாக விடுவது வழக்கம். கீழே விழுந்தால் அடிபடுவது அந்த இடம்தான். 2024 அக்டோபரில் இந்தி நடிகர் கோவிந்தா பீரோவில் வைக்கும்போது ரிவால்வர் வெடித்துக் காலில் குண்டு பாய்ந்தது நினைவிருக்கும்.)

இவ்வளவும் சொன்னது நீங்கள் செய்து பார்ப்பதற்காக அல்ல. பயிற்சி இல்லாத கை முதல்முறை ஸ்லைடை இழுக்கும்போது வாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனிக்காது. அதுவும் போக, லைசென்ஸ் அப்பா பெயரில்தான். அவர் போன பிறகு பிஸ்டலும் ரவுண்டுகளும் வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியில்லை. 1959 ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசாக வைத்துக்கொள்ள விருப்பமென்றால் அதற்குத் தனியாக லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். மாவட்டங்களில் கலெக்டர், சென்னை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனர்.

ஸ்டேஷனுக்குப் பிஸ்டலைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் மட்டும் எடுத்துப்போய் விஷயத்தைச் சொல்லி, ஆயுதம் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். டிராயரில் கிடக்கும் மேகசினையும் ரவுண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். வந்தவர் கேட்டால் "காலிதான் சார்" என்று சொல்லாதீர்கள். "மேகசின் வெளியே இருக்கு, சேம்பரை யாரும் பார்க்கலை" என்று சொல்லுங்கள்.