எதிர்மறை முன்னொட்டுகளை வைத்து ஆங்கிலச் சொற்களைக் கற்க முடியுமா?

முடியும். நான் அப்படித்தான் கற்றேன். அதை நம்பி ஒருமுறை நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பத்தாவது வரை தமிழ்வழி. ஆங்கில வாத்தியார் சொல்லித்தந்தது ஒரே வரிதான்: அன், இன், டிஸ் முன்னால் வந்தால் எதிர்ப்பதம். ஒரு சொல்லின் விலைக்கு இரண்டு சொல். அந்த வரியோடு டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் சேர்ந்தேன்.

முதல் வாரமே சால்வென்ட் டிரம் ஒன்றை நகர்த்தச் சொன்னார்கள். லேபிள் பாதி கிழிந்திருந்தது. 'இன்ஃபிளேமபிள்' என்ற சொல் மட்டும் மிச்சம். ஃபிளேம் என்றால் தீ, இன் என்றால் இல்லை, ஆக இது எரியாது. குறுக்கு வழியாக வெல்டிங் நடந்துகொண்டிருந்த பக்கம் டிராலியைத் தள்ளினேன். சூப்பர்வைசர் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"தம்பி, படிச்ச புள்ளதான நீ? என்ன போட்டிருக்கு அதுல?"

"எரியாதுன்னு போட்டிருக்குண்ணே."

அவர் என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று வாங்கியதை இங்கே எழுத முடியாது.

அந்த இன், 'இல்லை' என்று சொல்லும் இன் அல்ல. லத்தீனில் 'உள்ளே' என்று பொருள்படும் வேறொரு இன். இன்ஃபிளேம் என்றால் தீ மூட்டுவது. அதிலிருந்து வந்த சொல் எளிதில் தீப்பற்றுவதைத்தானே குறிக்கும்? அமெரிக்காவில் தீத்தடுப்புக்காரர்கள் 1920களிலேயே, குழப்பம் வேண்டாம், 'ஃபிளேமபிள்' என்றே எழுதுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நம் ஊர் டேங்கர் லாரிகளின் முதுகில் இன்னும் பழைய சொல்லைப் பார்க்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு எடுத்துப் படித்த என் மச்சானிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பிரெஞ்சில் எரியாத பொருளுக்கு அந்த இன்னுக்கு முன்னால் இன்னொரு இன் போடுவார்களாம். அது நியாயம்!

சரி, இன் ஏன் சில இடங்களில் இம், இல், இர் என்று மாறுகிறது? இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். பழங்கதை, பழஞ்சோறு, பழந்தமிழ் என்று வாயில் வைத்துப் பாருங்கள். அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப நடுவில் உள்ள மெல்லினம் மாறுகிறது. அதே வாய் வசதிதான் அங்கேயும். உதடு மூட வேண்டிய பாசிபிளுக்கு முன்னால் இன் வந்தால் இம்பாசிபிள். லீகல் வந்தால் இல்லீகல், ரெகுலர் வந்தால் இர்ரெகுலர். ஆனால் அன் மட்டும் அசையாது: அன்பெய்டு, அன்லக்கி. அது இங்கிலீஷின் சொந்தச் சரக்கு, மற்றது லத்தீனிலிருந்து வந்தது.

இந்தச் சொந்தம், வரவு வித்தியாசம் இன்னொரு இடத்திலும் உதவும். அன்ஏபிள் என்போம், பெயர்ச்சொல்லானால் இன்எபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஜஸ்ட், இன்ஜஸ்டிஸ். அன்ஸ்டேபிள், இன்ஸ்டெபிலிட்டி. இவற்றை ஜோடியாகவே எழுதிவைத்துப் படித்தேன், இன்றுவரை குழம்பியதில்லை.

மிஸ் வந்தால் 'இல்லை' என்று எடுக்காதீர்கள், 'தப்பாக' என்று எடுங்கள். மிஸ்யூஸ் என்றால் தவறாகப் பயன்படுத்துவது, டிஸ்யூஸ் என்றால் பயன்பாடே இல்லாமல் கிடப்பது. அன் ஒரு வினையோடு சேர்ந்தால் செய்ததைத் திருப்பிவிடும், போனை அன்லாக் செய்கிற மாதிரி.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு என்று எனக்குத் தோன்றும். அநியாயம், அசுத்தம், அனாவசியம் போன்ற வடசொற்களை விட்டால், தமிழில் மறுப்பு சொல்லின் வாலில்தான் வரும். குறளின் அதிகாரப் பெயர்களையே பாருங்கள்: கல்லாமை, கொல்லாமை, கள்ளாமை. கடைசி வரை காத்திருந்து பழகிய கண், ஆங்கிலச் சொல்லின் தலையில் ஒட்டியிருக்கும் இரண்டெழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அதனால் வேகமாகப் படிக்கும்போது அந்தத் தலையைப் பென்சிலால் சுழிக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

அப்புறம், சில சொற்களை அகராதி பார்க்காமல் தொடாதீர்கள். போன வருடம் அதே சூப்பர்வைசரின் பிரிவுபசார மடலில் அவர் உழைப்பை 'இன்வேல்யுபிள்' என்று எழுதியிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, மதிப்பே இல்லைன்னு எழுதிட்டீங்களே" என்றான். விலைமதிக்க முடியாதது என்று அர்த்தம்டா என்று சொல்லிவிட்டு, டிரம் கதையையும் சொன்னேன்.