பெருக்கினால் 336, ரிப்போர்ட்டில் 175: எது சரி?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. சிறுநீர் கழித்தபின் எடுத்த ஸ்கேனில், சிறுநீர்ப்பை 8.0 × 7.0 × 6.0 செ.மீ., மீதச் சிறுநீர் 175 மி.லி. என்று இருக்கிறது. மூன்றையும் பெருக்கினால் 336 வருகிறதே?

பதில்: கணக்கு சரிதான். நீங்கள் பெருக்கிக் கண்டது ஒரு பெட்டியின் கொள்ளளவு. சிறுநீர்ப்பைக்கு மூலைகள் கிடையாது. அதை முட்டை வடிவம் என்று வைத்துக்கொண்டு, விடையை 0.52-ஆல் பெருக்குவார்கள் (3.14-ஐ 6-ஆல் வகுத்தால் வரும் எண்). அளவுகள் செ.மீ.யில் இருந்தால் விடை நேரே மி.லி.யில் வரும். மி.மீ.யில் இருந்தால் 1000-ஆல் வகுக்க வேண்டும்.

ஆனால் 175 என்பது மதிப்பீடுதான். இருபது சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம். பை நிறைய நிறைய வடிவம் மாறும் என்பதால் சிலர் 0.7-ஐப் பயன்படுத்துகிறார்கள், அப்படிப் போட்டால் இதே அளவுகளுக்கு 235 வரும். அதனால் அடுத்த ஸ்கேனையும் அதே இடத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

அளக்கும் விதமும் முக்கியம். அந்தரங்க எலும்புக்குச் சற்று மேலே கருவியைக் குறுக்காக வைத்து அகலம். நெடுக்காகத் திருப்பி நீளம், முன்பின் ஆழம். ஆழம் இரண்டு படத்திலும் தெரியும், கணக்கில் ஒருமுறைதான் சேர வேண்டும். திரையில் கறுப்பாகத் தெரிவதுதான் சிறுநீர். புள்ளிகளைச் சுவரின் உள்விளிம்பில் வைக்க வேண்டும். புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சுவரும் தடித்திருக்கும். அதையும் சேர்த்து ஒவ்வோர் அளவிலும் அரை செ.மீ. கூடிப்போனால், 175 என்பது 215 ஆகிவிடும்!

இதைவிடப் பெரிய கோளாறு நேரத்தில் வரும். லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கவைத்து, அடக்கமுடியாத நிலையில் அவசரமாகப் போகச் சொன்னால் பை முழுதாகக் காலியாகாது. போய்வந்து அரைமணி நேரம் வரிசையில் உட்கார்ந்தால் அதற்குள் மறுபடி ஊறிவிடும். அப்பா நிதானமாக, முடிந்தால் இரண்டு முறை கழித்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் ஸ்கேன் எடுக்கட்டும்.

பொதுவாக 50 மி.லி.க்குள் இருந்தால் கவலையில்லை. மறுபடியும் 100-ஐத் தாண்டினால் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு வலித்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.