பேனலை வாங்கும் முன் அதன் முதுகைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். பாடப் படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்ட, வீட்டிலேயே புரொஜெக்டர் செய்ய என் தம்பி முயல்கிறான். மதர்போர்டு போன 15.6 அங்குல லேப்டாப் ஒன்று எங்களிடம் இருக்கிறது. புதுச்சேரியில் விசாரித்தபோது ஒருவர், "லேப்டாப் பேனல் சரிப்படாது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு மேலே 3,000 ரூபாய் தாருங்கள். புரொஜெக்டருக்கென்றே வரும் 6 அங்குல 4கே பேனல் தருகிறேன், எந்த போர்டும் அதற்குச் சேரும்" என்கிறார். மாற்றிக்கொள்ளலாமா? தோழி வேலை பார்க்கும் பள்ளியில் ஓ.எச்.பி. (கண்ணாடித் தாளில் எழுதியதைச் சுவரில் பெரிதாகக் காட்டும் பழைய கருவி) ஒன்று சும்மா கிடக்கிறது. அது உதவுமா?

பதில்: மாற்றிக்கொள்ளாதீர்கள். இந்த வகை புரொஜெக்டரில் பேனலின், அதாவது படம் தோன்றும் திரையின், பின்னால் ஒளி தரும் அடுக்கான பேக்லைட்டை எடுத்துவிட்டு, அங்கே பலமான விளக்கை வைத்து, படத்தை லென்ஸ் வழியே சுவரில் விழவைக்கிறோம். உங்கள் பேனலை அவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். "எந்த போர்டும் சேரும்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம். ஒவ்வொரு பேனலுக்கும் படத்தை அனுப்ப அதற்குரிய போர்டு, அதற்குரிய கேபிள், அதற்குரிய மின்னழுத்தம் உண்டு. இது தெரியாமல் யாரும் பேனல் வியாபாரம் செய்வதில்லை.

"6 அங்குல 4கே" என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை திரவ ரெசினைக் கெட்டியாக்கும் 3டி பிரிண்டருக்காகச் செய்யப்பட்டவை. அந்த வேலைக்கு நிறம் தேவையில்லை என்பதால் அவற்றில் நிற வடிகட்டியே கிடையாது. உங்கள் சுவரில் இதயத்தின் படத்தைக் காட்டினால் தமனியும் சிரையும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். பேனலில் வெள்ளைப் படம் வரவைத்து, பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கோடுகளாகப் பிரிந்து தெரிந்தால் அது வண்ணப் பேனல்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தரகர்கள் அதைத்தான் வாய்ப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆரம்ப கால ரெசின் பிரிண்டர்களில் 5.5 அங்குலத்தில், 1440க்கு 2560 புள்ளிகள் கொண்ட பேனல் வந்தது. அது உண்மையான வண்ணப் பேனல். பேக்லைட் இல்லாமலே வருவதால் கழற்றும் வேலை மிச்சம். பெட்டியும் சிறியதாக முடியும். ஆனால் அதற்கென்றே உள்ள எச்.டி.எம்.ஐ. போர்டு கூடவே வர வேண்டும், தனியாகத் தேடினால் அலைச்சல்தான். அடுத்தது, பிரிண்டரிலிருந்து கழற்றிய பழையதாக இருந்தால் வாங்காதீர்கள். 405 நானோமீட்டர் ஊதா ஒளி சில நூறு மணி நேரம் அதைச் சுட்டிருக்கும். என்னிடம் ஒரு மாணவர் கொண்டுவந்த பேனலை வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தோம். நடுவில் தேநீர் சிந்திய கறைபோல ஒரு செவ்வகம் பழுத்திருந்தது. அந்தப் பழுப்பு சுவரிலும் அப்படியே விழும். பாதுகாப்புத் தாள் உரிக்கப்படாத புதுப் பேனல், உரிய போர்டு, உங்கள் கண் முன்னால் வண்ணப் படம் ஆகிய மூன்றும் இருந்தால் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

4கே, அதாவது ஏறக்குறைய நாலாயிரம் புள்ளி அகலம், என்ற சொல்லுக்கும் மயங்காதீர்கள். உங்கள் 15.6 அங்குலப் பேனல் 1366 புள்ளி அகலம் மட்டுமே கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதை 2 மீட்டர் அகலச் சுவரில் விரித்தால் ஒரு புள்ளி ஒன்றரை மில்லிமீட்டர். பாடப் படத்துக்கு அது தாராளம். எல்.சி.டி. பேனல் பின்னாலிருந்து வரும் ஒளியில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கைத்தான் வெளியே விடுகிறது. அதே அளவு பேனலில் புள்ளிகள் நெருக்கமாக ஆக, நடுவிலுள்ள கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு அந்த ஐந்தாறையும் குறைத்துவிடும். அதிகப் புள்ளிக்குக் கூடுதல் பணம் கொடுத்து மங்கலான படத்தை வாங்குவானேன்?

இப்போது உங்கள் பேனலுக்கு வருகிறேன். லேப்டாப்பிலிருந்து எடுத்துத் திருப்பி வையுங்கள். முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் நீளமான எண் இருக்கும். அதைக் கடைசி எழுத்து வரை படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'என்156பிஜிஇ' என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். 156 என்பது 15.6 அங்குலம். சிறு கோட்டுக்குப் பிறகு 'எல்21' என்றிருந்தால் அது 40 ஊசி (பின்) கொண்ட பழைய எல்.வி.டி.எஸ். இணைப்பு வகை. 'இ21' என்றிருந்தால் 30 ஊசி கொண்ட ஈ.டி.பி. இணைப்பு வகை. ஒன்றின் போர்டு மற்றதற்கு உதவாது. சர்வீஸ் சென்டரில் போய் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், வாய் திறக்க மாட்டார்கள். திரை போனால் மூடியோடு மாற்றுவதுதான் அங்கே நடைமுறை. பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று உரிமையாளருக்குச் சொல்வதில் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போர்டை முழு எண்ணையும் சொல்லித்தான் வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பதையே இங்கே தரகர் 'செட்' என்று சொல்லிக் கூடுதலாக விற்பார். அந்தச் செட்டில் பேக்லைட்டுக்கான தனி போர்டு ஒன்றும் இருக்கும். பேக்லைட்டையே எடுத்தெறியப்போகும் உங்களுக்கு அது எதற்கு? டி.வி.க்கென்று வரும் பொது போர்டு என்றால் மின்னழுத்தம் மாற்றும் சிறு ஜம்பரை (ஊசிகளின் மேல் மாட்டும் சிறு மூடி) பாருங்கள். 3.3, 5, 12 வோல்ட் என்று மூன்று இடம் இருக்கும். லேப்டாப் பேனலுக்கு 3.3. அது 12இல் இருக்க நீங்கள் சுவிட்சைப் போட்டால் பேனல் அந்த நொடியே கருகிவிடும்.

அடுத்தது, எல்லாரும் கோட்டைவிடும் இடம். பேனலின் கீழ் விளிம்பில் விரல் அகலத்தில் நீண்ட பச்சைப் பலகை ஒன்று முதுகுப் பக்கம் மடிந்து கிடக்கும். அதைக் கண்ணாடியோடு இணைப்பவை தேன் நிறத்தில் மெல்லிய பட்டைகள். பேக்லைட்டை எடுத்த பிறகும் பலகை மடிந்தே நின்றால் அதன் நிழல் படத்தில் விழும். பட்டைகளுக்குப் போதிய நீளம் இருந்தால் பலகையை வெளிப்பக்கம் விரித்துக் கண்ணாடியோடு சமதளமாக நிறுத்தலாம். கறுப்பு டேப்பை மெதுவாக உரித்துவிட்டு இதைச் சோதித்த பிறகே அந்தப் பேனல் புரொஜெக்டருக்கு ஆகுமா என்று சொல்ல முடியும். விரித்ததைத் திரும்ப மடிக்கக் கூடாது. பட்டையில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் படத்தில் மேலிருந்து கீழாகக் கோடு விழும். எந்தச் சால்டரிங்கும் அதைச் சரிசெய்யாது.

பழைய பேனல் வேறு எதையாவது வாங்க நேர்ந்தால் கேபிள் செருகும் வாயைப் பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதில் ஊறிய பேனல்கள் பல மாதம் வரை என்னிடம் வந்துகொண்டிருந்தன. துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள், ஊசிகளின் அடியில் மட்டும் பச்சைப் பூப்பு இருக்கும்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்குக்கும் பேனலுக்கும் நடுவே மின்விசிறிக் காற்று ஓட வேண்டும். படத்தின் நடுவில் கருந்திட்டு தோன்றினால் உடனே அணைத்துவிடுங்கள். ஆறியதும் திட்டு மறைந்துவிடும். தொடர்ந்து ஓட்டினால் பேனலில் ஒட்டியிருக்கும் போலரைசர் என்ற ஒளி வடிகட்டும் படலம் கருகி, கறை நிரந்தரமாகிவிடும்.

ஓ.எச்.பி. நல்ல யோசனைதான், விளக்கும் லென்ஸும் அதில் தயாராக இருக்கின்றன. ஆனால் அதன் கண்ணாடி மேடை பொதுவாக 28.5 சென்டிமீட்டர் சதுரம். உங்கள் பேனலின் படப்பகுதி 34.4 சென்டிமீட்டர் அகலம். இரு பக்கமும் சுமார் 3 சென்டிமீட்டர் இருட்டில் போய்விடும். 10.1 அங்குலப் பேனல் என்றால் அதில் கச்சிதமாக உட்காரும். அதற்கு முன், அந்த ஓ.எச்.பி. உங்கள் கைக்கு வருமா என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் அது இருப்புப் பதிவேட்டில் இருக்கும். கழிவு செய்ய வேண்டுமானால் பட்டியல், பார்வையிடல், கையெழுத்து, ஏலம் என்று நீளும். அதற்குள் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். எத்தனையோ பள்ளிகளின் இருட்டறையில் நல்ல லென்ஸ்கள் இப்படி வீணாவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. பக்கத்துத் தெருவிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு ஒரு கடிதத்தின் பேரில் அதைக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

அதற்காகக் காத்திருக்காதீர்கள். 40 சென்டிமீட்டர் மூலைவிட்டத்தை மூடும் ஃப்ரெஸ்னல் லென்ஸை (வளைய வரிகள் கொண்ட தட்டையான லென்ஸ்) தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் முன்னால் போர்டை வாங்கி, பேக்லைட் உள்ளே இருக்கும்போதே பேனலில் படம் வரவைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கோடு விழாமல் ஓடிய பிறகு தம்பி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கட்டும்.